பழைய மரைனர் 15 அவுட்போர்டு: பார்ட் நம்பர் சொன்னா "இனிமே வராது"ங்கறாங்க, என்ன பண்றது?

கிரீஸ்_கை:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட மரைனர் 15 எச்பி அவுட்போர்டு (படகுக்குப் பின்னாடி மாட்டற மோட்டார்) ஒண்ணு இருக்கு, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. பெரியப்பாவோடது, பல வருஷமா ஷெட்ல தொங்கிட்டு இருந்துச்சு, போன மாசம்தான் இறக்குனேன். பிளக் மாத்தி கார்ப்பரேட்டரைக் கழுவி டிரம்ல தண்ணி ரொப்பி இழுத்தா நாலாவது இழுப்புலயே பிடிச்சிருச்சு, அந்த சந்தோஷம் ஒரு நிமிஷம் கூட நிக்கல, இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி பின்னாடி பீச்சவே இல்ல. உடனே ஆஃப் பண்ணிட்டேன். லோயர் யூனிட்டை (கியரும் தண்ணி பம்பும் இருக்கற கீழ்ப் பாகம்) கழட்டிப் பாத்தா இம்பெல்லர், அதான் பம்புக்குள்ள சுத்தற இதழ் சக்கரம், அதோட ரப்பர் கருங்கல்லு மாதிரி ஆகி ரெண்டு இதழ் காணோம், ஹவுசிங் உள்ளயும் கோடு விழுந்திருக்கு. புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல் வழியா கியர் ஆயிலும் கசியுது. பழைய புக்குல இருந்த நம்பரை மூணு டீலர்கிட்ட குடுத்துட்டேன், மூணு பேரும் கம்ப்யூட்டர்ல தட்டிட்டு "நிறுத்திட்டாங்க, இனிமே வராது"ன்னு ஒரே பாட்டு. ஒருத்தர் மோட்டாரையே மாத்திடுங்கன்னு சொல்லிட்டாரு. இன்ஜின் நல்லா இருக்கு, ஒரு ரப்பர் துண்டுக்காக தூக்கிப் போட மனசு வரல. யாராச்சும் வழி சொல்லுங்க.

துடுப்பு_போதும்:
முதல்ல அது யாரோட மோட்டார்னு கண்டுபிடிங்க. மரைனர்னு மேல ஸ்டிக்கர் இருக்கறதால மட்டும் அது மரைனர் ஆயிடாது. 1972ல பிரன்ஸ்விக் (மெர்க்குரி அவுட்போர்டு செய்யற கம்பெனியோட தாய் கம்பெனி) யமஹாவோட சேந்து சான்ஷின்ங்கற ஜப்பான் ஃபேக்டரில பங்கு வாங்குனாங்க, அந்த ஃபேக்டரில செஞ்ச மோட்டாரைத்தான் மரைனர்ங்கற பேர்ல வித்தாங்க. அப்புறம் அமெரிக்காவுல போட்டியைக் கெடுக்குதுன்னு கேஸாகி கூட்டு முறிஞ்சு போச்சு. அதனால பழைய மரைனர்ல நிறைய மூடியைத் தூக்குனா உள்ள யமஹாதான், பின்னாடி வந்ததுல மெர்க்குரி. நீங்க மெர்க்குரி நம்பரை வச்சு தேடிட்டு இருப்பீங்க, அதான் கதவு சாத்திருக்கு.

பிளாக், பிராக்கெட், லோயர் யூனிட் மேல எல்லாம் அழுக்கை சொரண்டிப் பாருங்க, வார்ப்புலயே மூணு எழுத்து கோட் ஏதாச்சும் தெரியும். அதை இங்க போடுங்க.

டூஸ்ட்ரோக்_தாத்தா:
மேல சொன்னது சரி. யமஹா நம்பரைப் படிக்கத் தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது தம்பி. முதல் மூணு எழுத்து எந்த மாடலுக்காக முதல்ல செஞ்சதுங்கறது, நடுவுல அஞ்சு இலக்கம் என்ன சாமான்ங்கறது, கடைசி ரெண்டு எத்தனாவது திருத்தம்ங்கறது. நடுவுல 44352ன்னு இருந்தா அது இம்பெல்லர், எந்த யமஹாவா இருந்தாலும். அப்போ 682-44352-01 பழைய 9.9/15க்கு, 63வி-44352-01 அதுக்கப்புறம் வந்த 15க்கு. ஒண்ணுல போடறது இன்னொண்ணுல போகும்னு சொல்ல வரல, தேடறப்போ முழு நம்பரையும் போடாம நடு நம்பரை வச்சு தேடுனா சொந்தக்காரங்க எல்லாம் வெளிய வருவாங்க, அப்புறம் அளவை ஒத்துப் பாத்துக்கலாம்.

சீல், பேரிங், ஓ-ரிங் விஷயம் இன்னும் சுலபம், அதெல்லாம் மோட்டார் கம்பெனி செய்யறதே இல்ல, வெளியில வாங்கி தன் கவர்ல போட்டு விக்கறதுதான். யமஹாவுல 93101ன்னு ஆரம்பிச்சா ஆயில் சீல், அதுக்கடுத்த ரெண்டு இலக்கம் உள் விட்டம் மில்லிமீட்டர்ல. 93306-205ன்னு ஆரம்பிச்சா அது சாதா 6205 பேரிங், 25 உள்ள, 52 வெளிய, 15 தடிமன். கழட்டுன சீல் மேலயே மூணு அளவும் அச்சடிச்சிருக்கும், தேஞ்சிருந்தா வெர்னியர் வச்சு சீலை அளக்காதீங்க, அது அமுங்கிப் போயிருக்கும், ஷாஃப்ட்டையும் அது உக்காரற குழியையும் அளங்க. பேரிங் கடையில அந்த மூணு நம்பரைச் சொல்லுங்க, மோட்டார்னு வாயே திறக்காதீங்க.

ஒரே எச்சரிக்கை, கிராங்க் பேரிங் மாத்தறதா இருந்தா மட்டும் பழசு மேல சி3ன்னு (உள்ள இடைவெளி சாதாவை விட அதிகம்னு அர்த்தம்) இருக்கான்னு பாத்து அதையே வாங்குங்க. சாதா கிளியரன்ஸ் போட்டா சூட்டுல இறுகிடும்.

காத்து_கடல்:
நடுவுல நுழையறதுக்கு மன்னிச்சுக்கோங்க, எனக்கும் இதே கதை, ஆனா ஜான்சன் 25. மாடல் நம்பர் பிளேட்டு அழிஞ்சு போச்சு, எந்த வருஷத்து மோட்டார்னே தெரியாம எப்படி தேடறது?

துடுப்பு_போதும்:
@காத்து_கடல் பிளாக்ல ஒரு காசு சைஸ் வட்ட மூடி அடிச்சு இறக்கியிருப்பாங்க, அதுல மாடல் நம்பரைக் குத்தியிருப்பாங்க, பெயின்டை மெதுவா தொடைச்சுப் பாருங்க. 1980லேர்ந்து வந்ததுன்னா கடைசிக்கு முன்னாடி ரெண்டு எழுத்துதான் வருஷம். "இன்ட்ரொடியூசஸ்"ங்கற இங்கிலீஷ் வார்த்தையோட பத்து எழுத்துக்கும் வரிசையா 1, 2, 3ன்னு போட்டுக்கிட்டே வாங்க, கடைசி எழுத்துக்கு 0. சி வந்தா 8, ஓ வந்தா 5, அப்போ சிஓன்னா 1985. ஜான்சன், எவின்ரூடு ரெண்டையும் செஞ்ச ஓஎம்சி கம்பெனி 2000 டிசம்பர்ல திவாலாச்சு, அடுத்த வருஷம் பாம்பார்டியர் வாங்குச்சு, 2020ல எவின்ரூடையும் நிறுத்திட்டாங்க, ஆனா ஜான்சனும் எவின்ரூடும் உள்ள ஒரே சாமான்தான், அதனால ரெண்டு பேர்லயும் தேடுங்க. சியரா மாதிரி வெளிக் கம்பெனிங்க இதுக்கு இன்னும் நிறைய செய்யறாங்க. தனி இழை போட்டு கேளுங்க, இங்க வேணாம்.

கிரீஸ்_கை:
கிடைச்சுது!!! டீசலும் பழைய டூத்பிரஷ்ஷும் வச்சு ஒரு மணி நேரம் தேச்சேன், லோயர் யூனிட்ல 682ன்னு இருக்கு. யமஹாதான். இத்தனை நாளா தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்திருக்கேன். இப்போ இந்த நம்பருக்கு ரெண்டு மூணு விதம் காட்டுது, ஒண்ணு பழைய ஸ்டாக், பாக்கெட் கூட பிரிக்காதது, இன்னொண்ணு காப்பி ஐட்டம். எதை வாங்க?

வெர்னியர்_விசிறி:
காப்பி வேண்டவே வேணாம். ஒரு தடவை காப்பி கியர் போட்டு ரெண்டு மாசத்துல பல்லு எல்லாம் ஆயிலோட கலந்து வந்துச்சு.

டூஸ்ட்ரோக்_தாத்தா:
கியருக்கு நீங்க சொல்றது சரிங்க, இம்பெல்லருக்கு நான் ஒத்துக்க மாட்டேன். பாக்கெட் பிரிக்காத பழைய ஸ்டாக்னு சந்தோஷப்படறாங்க, ரப்பருக்கு அது தெரியுமா? அலமாரில இருந்தாலும் அதுவும் கிழடாகித்தான் போகும். கியர், ஷாஃப்ட், ஹவுசிங், காயில் பிராக்கெட் இதெல்லாம் பழைய ஸ்டாக் கிடைச்சா கண்ணை மூடிட்டு வாங்குங்க. இம்பெல்லர், டயாஃப்ரம், சீல் இதெல்லாம் போன வருஷம் செஞ்ச காப்பியே மேல். கையில வாங்குனதும் ஒரு இதழை மடக்கிப் பாருங்க, விட்ட உடனே நிமிரணும், அடியில வெடிப்பு தெரியக் கூடாது. ஹவுசிங் கிடைக்கலன்னா உடைக்கப் போற மோட்டார் ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க, பிளாக் வெடிச்ச மோட்டார்ல கூட லோயர் யூனிட் புதுசு மாதிரி இருக்கும். பம்ப் கேஸ்கெட்டை பேப்பர் ஷீட்ல வெட்டிக்கலாம், பழசு தடிமனே இருக்கணும், தடிமனைக் கூட்டுனா இம்பெல்லருக்கும் தட்டுக்கும் நடுவுல இடைவெளி வந்து தண்ணி ஏறாது.

அப்புறம் யாருமே கேக்கலயே, காணாம போன அந்த ரெண்டு இதழ் எங்க?

கிரீஸ்_கை:
ஐயோ, அதை யோசிக்கவே இல்லையே. உடைஞ்சு கீழ விழுந்திருக்கும்னு நினைச்சேன்.

டூஸ்ட்ரோக்_தாத்தா:
கீழ எங்க விழும், தண்ணியோட மேலதான் போகும். புது பம்ப் போட்டும் தண்ணி வரலன்னு இங்க வந்து நிக்கறவங்கள்ல பாதிப் பேர் கதை இதுதான். பம்ப்ல இருந்து மேல தண்ணி போற காப்பர் டியூப்பைக் கழட்டி மேல இருந்து கீழ, அதாவது தண்ணி போற திசைக்கு எதிரா ஊதுங்க. துண்டுகளைச் சேத்து வச்சு இதழ் முழுசா வருதான்னு பாருங்க.

கிரீஸ்_கை:
அப்டேட். இம்பெல்லர் ஆர்டர் பண்ணியாச்சு, சீல் பேரிங் கடையிலயே அளவு சொன்னதும் எடுத்துக் குடுத்துட்டாங்க, தாத்தா சொன்ன மாதிரி மோட்டார்னு மூச்சே விடல. டியூப்பை ஊதுனதுல ஒரு இதழ் முழுசா வந்துச்சு, இன்னொண்ணுல பாதிதான். மீதிப் பாதி தெர்மோஸ்டாட் கிட்ட போயிருக்கும்னு தோணுது, மூடி போல்ட் நாலும் துருப்பிடிச்சிருக்கு, ரெண்டு நாளா ஆயில் விட்டு ஊற வச்சிருக்கேன். சனிக்கிழமை கை வைக்கறேன், போல்ட் தலை கையோட வராம இருந்தா சரி.