சிறுவர் பாதுகாப்புக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் கவுன்சிலில் ஒரே ஸ்க்ரூட்டினி குழு போதுமா?

படிக்கல்

இங்கிலாந்தில் பல கவுன்சில்களில் சிறுவர் சேவைகளை ஒரு ஸ்க்ரூட்டினி குழு (நிர்வாகத்தின் வேலையை ஆராயும் கவுன்சிலர்கள் குழு) கேள்வி கேட்கிறது. பொலிஸ், தீயணைப்பு, புரொபேஷன் (தண்டனை பெற்றவர்களை வெளியில் கண்காணிக்கும் சேவை), என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) ஆகியவை கவுன்சிலோடு சேர்ந்து நடத்தும் சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பை வேறொரு குழு கேட்கிறது. இரண்டையும் ஒரே குழுவாக்க வேண்டும் என்பது என் வாதம்.

போதைப்பொருள் கும்பல் ஒன்று 15 வயதுப் பிள்ளையைப் பயன்படுத்துகிறது என்று வையுங்கள். அவன் வீட்டிலிருந்து காணாமல் போன கணக்கு சிறுவர் சேவை அறிக்கையில் இருக்கும். கத்தியோடு பிடிபட்ட கணக்கு சமூகப் பாதுகாப்பு அறிக்கையில் இருக்கும். பாடசாலையிலிருந்து நீக்கப்பட்ட கணக்கு கல்விப் பகுதியில் கிடக்கும். ஒரு குழு அவனைப் பாதிக்கப்பட்டவனாகப் பார்க்கிறது, மற்றக் குழு குற்றவாளியாகப் பார்க்கிறது. முழுப் பிள்ளையையும் பார்க்கிற குழு கவுன்சிலில் எங்கே இருக்கிறது?

மணிக்கூண்டு

நோக்கம் சரி, வழி பிழை. இந்த இரண்டு குழுக்களின் அதிகாரமும் வேறு வேறு சட்டத்திலிருந்து வருகிறது.

குற்றம், ஒழுங்குக்கேடு பற்றி விசாரிக்கும் குழுவுக்கு 2006ஆம் ஆண்டு பொலிஸ், நீதிச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் 2009ஆம் ஆண்டு விதிகளும் அடிப்படை. அந்தக் குழு தகுந்த அவகாசம் கொடுத்துக் கூப்பிட்டால் பொலிஸ் அதிகாரி வந்தே ஆகவேண்டும். அறிக்கை அனுப்பினால் 28 நாளுக்குள், முடியாவிட்டால் இயன்றவரை விரைவில், பதில் வரவேண்டும். சாதாரண ஸ்க்ரூட்டினி குழு தன் கவுன்சிலின் நிர்வாக உறுப்பினரையும் அதிகாரிகளையும்தான் கட்டாயப்படுத்த முடியும். பொலிஸை அழைக்கலாம், அவ்வளவுதான். அதன் பரிந்துரைகளுக்கு நிர்வாகம் பதில் சொல்ல 2 மாதம் இருக்கிறது.

இணைத்த பிறகு, எந்த விடயத்தில் எந்த அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறுப்பினர்களுக்கே மறந்துபோகும். ஒரு கூட்டத்தில் பொலிஸ் தரப்பு "இது சிறுவர் சேவை விடயம், நாங்கள் வரத் தேவையில்லை" என்று எழுதி அனுப்பும். தலைவரிடம் அதற்கு மறுமொழி இருக்காது.

இன்னொன்று: கவுண்டி (பெரிய பகுதிக்கான கவுன்சில்), டிஸ்ட்ரிக்ட் (அதற்குள் இருக்கும் சிறிய கவுன்சில்) என இரண்டு அடுக்கு உள்ள இடங்களில் சிறுவர் சேவை கவுண்டியிடம், சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பு பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் மட்டத்தில். அங்கே எதை எதோடு இணைப்பது?

படிக்கல்

இரண்டு அடுக்கு இடங்களை நான் சொல்லவில்லை, அங்கே இது சரிவராது. லண்டன் பரோக்கள், மெட்ரோபொலிட்டன் கவுன்சில்கள், யூனிட்டரிகள் என ஒரே அடுக்குக் கவுன்சில் உள்ள இடங்கள் பற்றித்தான் பேச்சு.

சட்டச் சிக்கலுக்குத் தீர்வு கவுன்சிலின் கான்ஸ்டிடியூஷனில் (அதன் உள்விதித் தொகுப்பில்) ஒரு வரி. "இந்தக் குழுவே 19ஆம் பிரிவின் கீழ் குற்றம், ஒழுங்குக்கேடு குழுவாகவும் செயற்படும்" என்று எழுதினால் போதும். அந்த அதிகாரத்தோடு எடுக்கும் விடயத்தின் மேல் நிகழ்ச்சிநிரலில் அதைக் குறிப்பிட்டுவிடலாம். பிள்ளைகளைக் கும்பல்கள் சுரண்டுவது குற்றம்தானே? பொலிஸ் வரமாட்டேன் என்று சொல்ல அதில் இடமே இல்லை.

உண்மையான ஆபத்து வேறு. 2009 விதிகள் அந்தக் குழு 12 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கின்றன. அந்தக் குறைந்தபட்சமே பல இடங்களில் பழக்கமாகிவிடுகிறது. வருடத்துக்கு ஒரு மாலை, ஒரு பவர்பாயிண்ட், நன்றி சொல்லி முடித்துவிடுவது. தனிக்குழு என்று பெயர் இருந்து என்ன பயன்?

நேர்கோடு

குழு ஒன்றா இரண்டா என்பதற்கு முன்னால், மேசைக்கு வரும் தாளைப் பாருங்கள். அது சரியில்லை என்றால் எத்தனை குழு போட்டாலும் ஒன்றுதான்.

காணாமல் போய்த் திரும்பிய பிள்ளையோடு 72 மணி நேரத்துக்குள் ஒருவர் பேசவேண்டும் என்பது 2014ஆம் ஆண்டு வழிகாட்டி. பேசுபவர் அந்தப் பிள்ளையின் பராமரிப்பில் சம்பந்தப்படாதவராக இருப்பது நல்லது. அறிக்கையில் இதற்கு ஒரு சதவீதம், பக்கத்தில் ஒரு பச்சை வட்டம். எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்தச் சதவீதத்தைப் பிரித்துக் கேட்கவேண்டும்.

முதலில், இது "பேச முன்வந்தோம்" என்ற கணக்கா, "பேசி முடித்தோம்" என்ற கணக்கா? முன்வந்தது 95 சதவீதமாகவும் பேசியது 50 சதவீதமாகவும் இருக்கலாம். தாளில் வருவது முன்னது. பிள்ளை மறுத்தால் அதுவும் "முடிந்தது" என்று பதிவாகிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்து வகுக்கும் எண். 40 சம்பவம் என்றால் 40 பிள்ளைகளா, அல்லது 6 பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போனதா? இரண்டுக்கும் செய்யவேண்டிய வேலை முற்றிலும் வேறு. கவுன்சிலின் பராமரிப்பில் இருந்து, வேறு ஊரில் தங்கவைக்கப்பட்ட பிள்ளைகள் இந்தக் கணக்கில் இருக்கிறார்களா? அவர்கள்தான் அதிகம் விடுபடுவார்கள். அங்குள்ள பொலிஸ் வேறு, 72 மணிக்குள் போய்வர ஆள் கிடைப்பதும் கடினம்.

கடைசியாக, பேசியதில் தெரிய வந்த விலாசம், கார் எண், பெரியவர்களின் பட்டப்பெயர் எல்லாம் பொலிஸ் உளவுப் பதிவுக்குப் போனதா? எத்தனை போயிற்று? இந்தக் கேள்விக்கு உடனே விடை தருகிற அதிகாரி இருந்தால் அந்த இடம் ஓரளவு ஒழுங்காக நடக்கிறது என்று நம்பலாம்.

பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று சிறுவர் சேவை 45 வேலைநாளுக்குள் முடிக்கவேண்டிய மதிப்பீட்டின் கணக்கிலும் இதே வித்தை. "90 சதவீதம் நேரத்துக்கு முடிந்தது" என்றால், மீதிப் பத்தில் மிகப் பழையது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கேளுங்கள். 46ஆம் நாளும் 120ஆம் நாளும் அறிக்கையில் ஒரே நிறம்.

மணிக்கூண்டு

நேர்கோடு எழுதியதை ஒவ்வொரு கவுன்சிலரும் படிக்கவேண்டும். ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு. இப்படிக் கேட்க, ஒரே விடயத்தைத் தொடர்ந்து பார்த்துப் பழகிய உறுப்பினர் தேவை. இணைந்த குழுவில் அது நடக்காது. மாலைக் கூட்டம் இரண்டு, இரண்டரை மணி நேரம். சமூகப் பாதுகாப்பு என்று வந்தாலே தெருவிளக்கு, பூங்காவில் குடிப்பவர்கள், மோட்டார் சைக்கிள் சத்தம் என்று வட்டாரக் குறைகள் வரிசையில் வரும். அவை பொய்க் குறைகள் அல்ல, வாக்களித்தவர்கள் கவுன்சிலரிடம் சொல்பவை அவைதான். 72 மணிக் கணக்கைப் பற்றி யாரும் வாசலில் வந்து முறையிடுவதில்லை. அதனால் சத்தமில்லாத விடயம் பின்தள்ளப்படும்.

தாள்கள் கூட்டத்துக்கு 5 முழு வேலைநாள் முன்னால்தான் வெளியாக வேண்டும். 300 பக்கத்தை 5 நாளில் படித்து மேற்சொன்ன கேள்விகளைத் தயாரிப்பவர் எத்தனை பேர்?

கீழ்வானம்

ஒரு சந்தேகம். பொதுக்கூட்டத்தில் இவ்வளவு பிரித்துக் கேட்டால் பிள்ளை யார் என்று தெரிந்துவிடாதா? எங்கள் சமூகம் சிறியது. "தமிழ்ப் பிள்ளை, இந்த வார்ட்" என்றாலே போதும்.

நேர்கோடு

சரியான பயம். 2009 விதிகளே தகவலில் ஆள் அடையாளம் இருக்கக்கூடாது என்கின்றன, அது இல்லாமல் குழு வேலை செய்ய முடியாது என்ற நிலை தவிர. நடக்கும் வழக்கையோ பொலிஸ் நடவடிக்கையையோ கெடுக்கும் தகவலும் தரக்கூடாது. 5க்குக் குறைந்த எண்ணை மறைப்பது பொதுவான வழக்கம். ஆனால் மொத்தமும் மற்ற வரிகளும் இருந்தால் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம், ஆகவே இரண்டாவது எண் ஒன்றையும் மறைக்கவேண்டும். இதைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள்.

தனிப் பிள்ளையின் கதையைக் குழு கேட்கவே கூடாது. திகதியைக் கேட்கலாம். பாரதூரமான சம்பவம் (துன்புறுத்தலால் பிள்ளை இறந்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது) என்றால் 5 வேலைநாளுக்குள் அறிவிப்பு, 15 வேலைநாளுக்குள் விரைவு மீளாய்வு. "கடந்த வருடம் எத்தனை அறிவிப்பு, எத்தனை நேரத்துக்கு முடிந்தது, எந்தப் பாடம் இரண்டாம் முறையும் வந்தது?" இதில் யாரும் அடையாளம் காட்டப்படவில்லை. எண்கள் மிகச் சிறியதென்றால் எந்தத் தகவலைப் பொதுமக்கள் இல்லாமல் பேசலாம் என்று சொல்லும், 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 12ஏ அட்டவணைப்படி அந்தப் பகுதியை மட்டும் மூடிய அமர்வில் வைக்கலாம். முழு விடயத்தையும் மூடுவதற்கு அதைச் சாக்காக்க விடக்கூடாது.

படிக்கல்

வட இங்கிலாந்து நகரான ரொதர்ஹாம் பற்றி அலெக்சிஸ் ஜே நடத்திய சுயாதீன விசாரணையின் 2014ஆம் ஆண்டு அறிக்கையை நினைத்துப் பாருங்கள். 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளானதாக அது மதிப்பிட்டது. 2002, 2003, 2006இல் எழுதப்பட்ட மூன்று அறிக்கைகள் கவுன்சிலிடமும் பொலிஸிடமும் ஏற்கனவே இருந்தன என்றும் சொன்னது. சிறுவர் சேவையும் பொலிஸும் ஒரே மேசையில், ஒரே ஆட்களின் முன்னால், பகிரங்கமாக உட்காரவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இடம் கொடுக்கக்கூடாது.

மணிக்கூண்டு

அங்கே அறிக்கை இருந்தது, சொன்னவர்களை நம்பத்தான் ஆள் இல்லை. குழுவை ஒட்டுவதால் அது மாறாது. ஒரே மேசைதான் வேண்டுமென்றால் இரண்டு குழுவும் வருடத்தில் இரண்டு முறை கூட்டு அமர்வு வைக்கட்டும். விடயம் ஒன்றே ஒன்று, பிள்ளைகள் மீதான சுரண்டல். அமர்வு 19ஆம் பிரிவின் கீழ் என்று நிகழ்ச்சிநிரலில் எழுதட்டும். தெருவிளக்கு அன்றைக்கு வராது.

படிக்கல்

கூட்டு அமர்வின் பரிந்துரைக்கு யார் பொறுப்பு? இரண்டு தலைவர்கள் என்றால், ஆறு மாதம் கழித்து யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதற்கு விடை சொல்லுங்கள், நான் என் வாதத்தைத் தளர்த்துகிறேன்.

மணிக்கூண்டு

பொறுப்பு குற்றம், ஒழுங்குக்கேடு குழுவின் தலைவருக்கு. 28 நாள் கெடு அவர் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் பொறுப்பான பதவி, முடியவேண்டிய திகதி, முடிந்ததற்கு என்ன சான்று என்று மூன்று நிரல். "நடந்துகொண்டிருக்கிறது" என்ற சொல் அந்த அட்டவணையில் ஏற்கப்படாது. சான்று இல்லாத வரி அடுத்த கூட்டத்தில் முதல் விடயமாக வரும், பொறுப்பான அதிகாரி நேரில் வரவேண்டும்.