நம்ம ஊர்க் கல்லுக் கோயில்: தெற்குச் சுவரையாவது விட்டுவிடுவோம்

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு நேற்றுத்தான் தோஹா திரும்பினேன். நம் ஊர் சர்ச், நாம் கல்லுக் கோயில் என்று சொல்வோமே, அது எப்படி இருக்கிறது என்று அண்ணன்மார், அக்காமார் பலர் கேட்டிருந்தீர்கள். நாலு போட்டோ போட்டால் முடிகிற விஷயமில்லை.

காட்பாடியில் விடியற்காலை இறங்கி, வீட்டில் பையை வைத்த கையோடு கோயிலுக்குத்தான் போனேன். தெற்குச் சுவர் நாம் ஓடிப் பிடித்து விளையாடிய நாளில் இருந்த மாதிரியே நிற்கிறது. உளி கொத்திய தழும்பு ஒவ்வொரு கல்லிலும் உள்ளங்கைக்குத் தட்டுப்படுகிறது. கல் இடுக்கில் இருக்கிற சுண்ணாம்பை வீட்டுச் சாவியால் அழுத்திக் கீறினேன். கோடு விழுந்தது, ஒரு மணல்கூட உதிரவில்லை.

வடக்குப் பக்கம் போனதும் மனசு ஆறவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாம் பணம் அனுப்பி சிமெண்ட் பூசி, கிரீம் கலர் அடித்தோமே, அந்தச் சுவர். மழை விட்டு ஒரு மாதம் ஆகியும் இடுப்பு உயரத்துக்கு ஈரம். பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் வருகிறது. ஒரு கொப்பளத்தை நகத்தால் நெம்பினேன். வெள்ளைப் பொடி கொட்டியது. நாக்கில் வைத்தால் கரித்தது. அதற்குப் பின்னால் இருந்த பழைய சுண்ணாம்பு, பிசைந்த மாவு மாதிரி விரலோடு வந்துவிட்டது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். எழுபது வயசுக்கு மேல் இருக்கும் அவருக்கு. சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "செவுத்துக்கும் வேர்க்கும்பா. வேர்வை வெளிய வர்றதுக்குத் தாவில்லாம ரப்பர் சட்டை மாட்டி வுட்டுட்டீங்களே" என்றார்.

விஷயம் அதுதான். நம் கோயிலுக்கு அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க எதுவும் கிடையாது. தரையின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்பின் நுண்ணிய துளைகள் வழியாக வெளியே காய்ந்து போகும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுவிடும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் தங்கி, பூத்து, பழைய காரையை அரித்துத் தின்னும். உள்ளே கடப்பைக் கல்லைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டதும் கெடுதல்தான். தரை வழியே போக வேண்டிய ஈரமும் சுவருக்கே ஓடுகிறது.

அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்து, மாடு கட்டி அரைப்பார்களாம். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை அதில் ஊற்றுவார்களாம். சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெதுவாக இழுத்து மறுபடியும் கல்லாகிறது. வருஷம் ஆக ஆக இறுகுகிற பொருள் அது. கூரையும் அப்படித்தான்: தேக்கு உத்தரம், அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்காகக் குத்தி நிறுத்தி சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். இன்னும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

திரும்புவதற்கு முந்தின நாள் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுக்கும் போனேன். 1846இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக்காகக் கட்டியது. அழகான கோயில். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது நினைப்பெல்லாம் நம் ஊரில்தான் இருந்தது. அது துரைமார் தங்களுக்குக் கட்டிக்கொண்டது. நம்முடையது அப்படி இல்லை. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கின பிறகு, சேரிகளில் சபை வளர்ந்து எழும்பிய கோயில். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத நம் பாட்டன்மார், மலையடியில் கல் உடைத்து வண்டியில் ஏற்றி வந்து கட்டினார்கள் என்று எங்க ஆயா சொல்லும். நிமிர்ந்து உட்கார நமக்கென்று கிடைத்த முதல் கூரை அது. அந்தக் கல்லை மூட நாம்தான் பணம் கொடுத்தோம். அன்றைக்கு சரி என்று கை தூக்கினவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இன்றைக்கும் வேதனையாக இருக்கிறது.

இப்போது தெற்குச் சுவருக்கும் சிமெண்ட் பூசி, முகப்புக்கு டைல்ஸ் ஒட்டலாம் என்று சபையில் பேச்சு நடக்கிறது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருளை ஏலம் விட்டு வரும் பணத்தோடு, வெளியே இருக்கும் நம் ஊர்க்காரர் சங்கப் பணத்தையும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. வடக்குச் சுவரின் சிமெண்டை மெஷின் வைக்காமல் உளியால் பதமாக எடுத்து, சில மாதம் காயவிட்டு, இடுக்குகளுக்குச் சுண்ணாம்பால் பாயிண்டிங் பண்ண வேண்டும். சுவரை ஒட்டி நிற்கும் மழைத் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். நம் பணம் இதற்கு மட்டும் போகட்டும். மேஸ்திரி ஐயா கூட நின்று நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சபைப் போதகரான ஆயரிடமும் பேசிவிட்டேன். சங்கத்தின் பதில் வரட்டும் என்கிறார்.

இன்னொன்று. வாசலுக்கு மேல் பூச்சு ஒரு சாண் அளவுக்குப் பெயர்ந்து விழுந்திருக்கிறது. கோயில் கட்டின வருஷம் பொறித்த, நாம் மறந்தே போன கல் அங்கேதான் இருக்கிறது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். 1, 8 இரண்டும் தெரிகிறது, மிச்சம் சிமெண்டுக்குள். எங்க வீட்டில் இருக்கும் நைனா, அம்மா கல்யாணப் போட்டோவில் அந்த இடத்தைத் தென்னங்கீற்றுத் தோரணம் மறைத்துவிட்டது. பூச்சுக்கு முன்னால் அந்த வாசலில் கல்யாணம் நடந்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறீர்கள். ஆல்பத்தை எடுத்து, வாசல் மேல்பக்கம் தெரிகிற படம் எதுவாக இருந்தாலும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள். அக்காமார்தான் பத்திரமாக வைத்திருப்பீர்கள், முதலில் நீங்கள் தேடுங்கள்.