ஐசோட்ரெட்டினாயின் 10 மி.கி.: வளையல் டப்பாவுக்குள் இருந்த அட்டை

திருமங்கலம் அக்கா:
ஐசோட்ரெட்டினாயின் என்பது கடுமையான பருவுக்குக் கொடுக்கும் மாத்திரை. என் தங்கைக்குத் தாடை முழுக்கச் சீழ் வைத்த பரு, தலையணையில் கன்னம் பட்டாலே வலி. எடை 50 கிலோ. தோல் டாக்டர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினம் 10 மி.கி. எழுதினார். மூன்றாம் மாதம் முகம் தெளிந்துவிட்டது.

முதல் நாளே டாக்டர், "கல்யாணப் பேச்சு ஏதும் நடக்குதாம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. டாக்டர் சலிக்காமல் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார்: "மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும் கர்ப்பம் கூடாது. பிள்ளைக்கு ஊனம் வரலாம்."

தையில் வரன் அமைந்தது, மாசியில் முகூர்த்தம். மதுரை விளக்குத்தூண் கடைவீதியில் புடவை எடுத்து வந்த இரவு பெட்டி அடுக்கினேன். வளையல் டப்பாவுக்குள் அந்த அட்டை, பத்தில் நாலு காலி.

"கடைசியா எப்ப போட்ட?"

"நேத்து ராத்திரி."

கல்யாணத்துக்கு ஒன்பது நாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மறுநாள் அம்மாவே டாக்டரிடம் கூட்டிப் போனார். அப்புறம் தங்கையே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுப் பேசினாள், அவரும் புரிந்துகொண்டார். எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆனாலும் அந்த நாலு ஓட்டை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

செல்லூர்க்காரன்:
எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 20 மி.கி. சித்திரையில் ஆரம்பித்ததுதான் தப்பு. தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் நிற்கிறேன், மூக்கிலிருந்து ரத்தம், வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வந்த ஒரு பெரியவர் தோல்பையைச் சாய்த்து என் முகத்தைக் கழுவிவிட்டு, "உட்காருப்பா, குனிஞ்சு மூக்கப் பிடி" என்றார். கை நடுங்கியது. உள்ளே காய்ந்து வெடித்துவிட்டது என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். ராத்திரி மூக்குக்குள் லேசாக வேஸ்லைன் தடவியதும் நின்றது. மற்றபடி ஆண்களுக்கு இதில் பயமே இல்லை. இந்தச் சின்ன அளவுக்கு ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை.

மேலூர் ஆசிரியர்:
செல்லூர்த் தம்பி, கடைசி இரண்டு வரியை ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கும் சின்ன அளவுதான். இரண்டாம் மாதம் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறிவிட்டது, உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லை. சோதனை எடுத்ததால் தெரிந்தது. அளவு குறைந்தால் தொந்தரவு குறையும் என்பது உண்மை, ஆனால் மருந்து அதே மருந்துதான். ஈரலுக்கும் கொழுப்புக்கும் ஆரம்பத்தில் ஒருமுறை, பிறகு டாக்டர் சொல்லும்போது கட்டாயம் பாருங்கள். ஆண்களானாலும், நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்ததானம் செய்யாதீர்கள். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கும் போகலாம். வெறும் வயிற்றில் போட்டால் பாதிதான் சேரும், நெய்யோ எண்ணெயோ உள்ள சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். வைட்டமின் ஏ மாத்திரை கூடவே கூடாது. வேக்ஸிங்கைத் தள்ளிப் போடுங்கள், தோல் உரிந்துகொண்டு வரும். முதல் மாதம் பரு கூடினால் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மனசு கனத்துக் கிடந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். மதுரை வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் வேண்டும், குடையும் வேண்டும்.

உசிலம்பட்டி:
என் சித்தப்பா பையன் டாக்டரிடம் போகவே இல்லை. நண்பனின் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கினான். அதோடு வீட்டில் கிடந்த டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துப் போட்டிருக்கிறான், அதுவும் பரு மாத்திரைதானே என்று. மூன்றாம் வாரம் தாங்க முடியாத தலைவலி. பைக்கை ஓரம் கட்டிவிட்டு, "அண்ணே, போர்டு ரெண்டு ரெண்டா தெரியுது" என்றான். இரண்டையும் சேர்த்தால் மூளைக்குள் அழுத்தம் ஏறலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நிறுத்தியபின் சரியானது. இன்றைக்கும் அவன் தலை வலிக்கிறது என்றால் எனக்குப் பகீர் என்கிறது.

திருமங்கலம் அக்கா:
உசிலம்பட்டி சொன்னதைப் படித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இதே மாத்திரை எழுதியிருக்கிறார்களாம். டாக்டர் பின்பக்கம் எழுதிய சீட்டை அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு இப்போதுதான் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.