இ-இன்வாய்ஸ் பாதி போகிறது, பாதி இன்வாலிட் – அவசரம், உதவுங்கள்

பிறை_கிளார்க்:
வணக்கம். காலையிலிருந்து ஹாசிலுக்கு (மலேசிய வரி வாரியம்) இ-இன்வாய்ஸ் அனுப்பினால் இன்வாலிட் என்றே வருகிறது, எல்லாம் இல்லை, பாதி போகிறது பாதி நிற்கிறது. நான் எதையும் மாற்றவில்லை, லீவுக்கு முன்னால் வரை நன்றாகத்தான் ஓடியது. போஸ் வந்து வந்து பின்னால் நிற்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள் பிளீஸ்.

செந்தூல்_சேகர்:
எந்த சாஃப்ட்வேர்? நேரே ஹாசிலின் மைஇன்வாய்ஸ் போர்ட்டலில் அடிக்கிறீர்களா, இல்லை உங்கள் சாஃப்ட்வேரே ஏபிஐ வழியாக அனுப்புகிறதா? எரர் என்ன சொல்கிறது?

கணக்கு_அக்கா:
இது கஸ்டமரின் டின் நம்பர் (வரி அடையாள எண்) தப்புதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் வாடிக்கையாளர் என்றால் அந்த நம்பருக்கு முன்னால் ஐஜி என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். எங்கள் ஆபீஸிலும் இதே தலைவலி.

மூத்த_நிர்வாகி:
எரர் மெசேஜ் கூடப் போடாமல் "உதவுங்கள்" என்றால் நாங்கள் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறோம்? முதலில் டாக்குமென்டேஷன் படிக்கும் பழக்கம் வேண்டும். நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் அனுப்ப வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மலேசிய நேரத்தை அப்படியே அனுப்பினால் எட்டு மணி நேரம் எதிர்காலத்தில் நிற்கும், ஹாசில் தள்ளிவிடும். இதுதான் உங்கள் பிரச்சினை.

செந்தூல்_சேகர்:
அண்ணே, அப்படியென்றால் இப்போது போட்ட பில்தான் விழ வேண்டும், பழையது தப்பிக்கும். தங்கச்சி, விழுவது புதுசா பழசா?

பிறை_கிளார்க்:
ஏபிஐதான், வெண்டர் போட்டுக் கொடுத்தது. டின் இல்லை அக்கா, ஒரே கஸ்டமருக்கு ஒன்று போனது, ஒன்று நின்றது. இன்று போட்டது எல்லாம் ஓகே, லீவுக்கு முன்னால் போட்டதுதான் நிற்கிறது. "டூ ஓல்ட்" என்று என்னவோ வருகிறது.

செந்தூல்_சேகர்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே லா 😅 பில்லில் இருக்கும் தேதி நேரம் 72 மணி நேரத்துக்கு மேல் பழையது என்றால் ஏற்காது. தைப்பூசம் ஞாயிறு, திங்கள் மாற்று விடுமுறை, இன்று செவ்வாய். காலை பத்து மணிக்கு அனுப்பினீர்கள் என்று வைத்தால் சனி பத்து மணிக்கு முந்தையது எல்லாம் விழும், பிந்தையது போகும். பார்த்துச் சொல்லுங்கள்.

பினாங்கு_மளிகை:
எதற்கு இந்தப் பாடு? மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே இன்வாய்ஸ், அடுத்த மாதம் ஏழு நாளுக்குள் அனுப்பினால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

கணக்கு_அக்கா:
உங்கள் கடைக்குச் சரி. இவர்கள் மொத்த வியாபாரம் போலிருக்கிறது, வாங்குகிற கம்பெனிகள் தங்கள் பெயரில் கேட்பார்கள். அதோடு 2026 ஜனவரியிலிருந்து 10,000 ரிங்கிட்டுக்கு மேல் போகிற ஒரு விற்பனையைச் சேர்த்து அனுப்ப முடியாது, தனியாகத்தான் போட வேண்டும்.

பினாங்கு_மளிகை:
தொடக்க காலச் சலுகையில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாமே?

கணக்கு_அக்கா:
அது அவரவர் இ-இன்வாய்ஸுக்குள் எந்தக் கட்டத்தில் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. வருடத்துக்கு 5 மில்லியனிலிருந்து 25 மில்லியன் வரை விற்கிறவர்கள் 2025 ஜூலையிலேயே வந்தாயிற்று, அவர்களுடைய ஆறு மாதச் சலுகை முடிந்துவிட்டது.

பினாங்கு_மளிகை:
சின்ன வியாபாரிக்கு மட்டும் நாளுக்கு ஒரு சட்டம். இ-இன்வாய்ஸ் தேவையில்லாத விற்பனை எல்லை 5 லட்சம் என்றார்கள், இப்போது ஒரு மில்லியன். அதற்குள் நான் வெண்டருக்குப் பணம் கட்டித் தொலைத்தேன்.

மூத்த_நிர்வாகி:
இழையின் தலைப்பு என்ன, நீங்கள் பேசுவது என்ன?

பினாங்கு_மளிகை:
யூடிசியை விட்டுவிட்டு வந்து பேசுங்கள் சார்.

பிறை_கிளார்க்:
சேகர் அண்ணே சொன்ன மாதிரியே இருக்கிறது! வெள்ளி போட்டது எல்லாம் நிற்கிறது. சனியில் பத்து மணிக்கு முன்னால் அடித்த மூன்றும் நிற்கிறது, மிச்சம் போய்விட்டது. ஆனால் இது ராத்திரி தானாகப் போகும் என்றுதானே வெண்டர் சொன்னான்?

செந்தூல்_சேகர்:
அந்த வேலை எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது? சர்வரிலா, யாருடைய மேசையிலாவதா?

பிறை_கிளார்க்:
ஸ்டோர் மேனேஜர் மேசையில் இருக்கிற பிசி. லீவு என்று வெள்ளி சாயங்காலமே மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுப் போனாராம்.

செந்தூல்_சேகர்:
அப்புறம் எப்படிப் போகும்? ஆயிரக்கணக்கில் சாஃப்ட்வேருக்குக் கொடுத்து, அதை மீன்குழம்பு சூடாக்கும் மைக்ரோவேவ் இருக்கிற அதே பிளக் வரிசையில் விட்டுவிடுகிறார்கள், நான் எத்தனையோ ஆபீஸில் பார்த்துவிட்டேன். இப்போதைக்கு நின்ற பில்களை இன்றைய தேதி நேரம் போட்டுத் திரும்ப அனுப்புங்கள். இ-இன்வாய்ஸ் தேதி என்பது அதை வெளியிடுகிற தேதி, லோரி கிளம்பின தேதி இல்லை. பழைய டிஓ (டெலிவரி ஆர்டர்) நம்பரை ரெஃபரன்ஸில் போடுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் பில் அடித்த உடனே அனுப்பும்படி வெண்டரை மாற்றச் சொல்லுங்கள், ராத்திரி வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

கணக்கு_அக்கா:
வெள்ளி ஜனவரி 30 ஆயிற்றே! இன்வாய்ஸ் பிப்ரவரி என்றால் கஸ்டமரின் 30 நாள் தவணை எதிலிருந்து ஓடும்? பணம் கட்டத் தாமதிக்க அவர்களுக்கு இது போதும். சரக்கு ஜனவரியில் போய்விட்டதால் உங்கள் புத்தகத்தில் ஜனவரி விற்பனைதான், அதை மாற்றிவிடாதீர்கள். தவணை விஷயத்தை முன்கூட்டியே ஃபோன் போட்டுப் பேசிவிடுங்கள்.

மூத்த_நிர்வாகி:
யூடிசியையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பிறை_கிளார்க்:
எல்லாம் போய்விட்டது, நன்றி அண்ணே, அக்கா. போஸ் இப்போது ஸ்டோர் பக்கம் போயிருக்கிறார்.

சுங்கை_டுவா_பையன்:
இதிலேயே கேட்டுவிடுகிறேன். கஸ்டமர் பெயர் தப்பாகப் போன இன்வாய்ஸை ரத்து செய்ய முடியவில்லை, பட்டனே காணோம். என்ன செய்வது?

செந்தூல்_சேகர்:
எப்போது அனுப்பினது?