கலைச்சொல்: 'நுவார்' படங்களுக்குக் 'கரவுப்படம்'

வணக்கம்.

குற்றமும் வஞ்சமும் சூழ்ந்த 'நுவார்' வகைப் படங்களைத் தமிழில் சொல்ல 'இருட்படம்' போதும் என்று அக்கா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1946இல் நீனோ பிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் சில அமெரிக்கப் படங்களுக்கு 'நுவார்' (பிரெஞ்சில் 'கறுப்பு') என்று பெயரிட்டபோது, அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அங்கே இருள் சரி. ஆனால் அதே வகையில் 1974இல் வந்த 'சைனாடவுன்' லாஸ் ஏஞ்சலிசின் வெயிலில் நடக்கிறது. திருகோணமலையில் இருக்கும் நமக்கு இது விளங்கும். உப்புவெளி மணல் கண்ணைக் கூசவைக்கும் நடுப்பகலிலும் பக்கத்தில் நிற்பவரின் மனதில் இருப்பது தெரியாதே!

'நிழற்படம்' ஏற்கெனவே புகைப்படத்தைக் குறிக்கிறது. 'இருண்மை'யைக் கவிதை விமர்சகர்கள், எளிதில் பொருள் விளங்காத தன்மையைச் சொல்ல எடுத்துவிட்டார்கள்.

நான் முன்வைப்பது 'கரவு'. மறைத்தல், வஞ்சம் என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. 'களவறிந்தார் நெஞ்சில் கரவு' என்கிறது 288ஆம் குறள். கரவு இருக்கும் இடம் நெஞ்சு என்று வள்ளுவரே காட்டிவிட்டார். இந்த வகைப் படங்களின் உயிரும் அங்கேதான் இருக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் இல்லை.

2011இல் வந்த 'ஆரண்ய காண்டம்' படத்தை இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள். வடசென்னையில் ஒரே நாளில் நடக்கும் கதை, பாட்டுகள் கிடையாது. தாதா சிங்கப்பெருமாளின் வீட்டில் அடைபட்டிருக்கும் சுப்பு என்ற பெண்ணைப் பார்த்து நாம் இரக்கப்படுகிறோம். தாதாவின் ஆளான சப்பையும் அவளை அப்படித்தான் பார்க்கிறான். அவள் மனதில் ஓடும் கணக்கு அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இயக்குநர் தியாகராஜன் குமாரராஜா பார்வையாளரிடமே கரவு செய்கிறார், அதுவும் நேர்மையாக: திரும்பப் பார்த்தால் அவளுடைய ஒவ்வொரு பார்வைக்கும் வேறு பொருள் இருக்கிறது. தமிழில் இவ்வளவு பொறுமையான திரைக்கதை அரிது.

குறையும் அங்கேதான். கடைசியில் சுப்புவின் குரல் வந்து ஆண்களைப் பற்றிய தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. அவள் செய்த காரியமே அதைச் சொல்லிவிட்டதே, பிறகு பேச்சு எதற்கு? 'இருட்படம்' என்ற சொல்லை வைத்திருந்தால் இந்தக் குறையைச் சுட்ட வழியில்லை. 'கரவு கலைந்துவிட்டது' என்று இப்போது இரண்டே சொல்லில் எழுதலாம்.

பிற்காலத்து நுவார் படங்களைக் குறிக்கும் 'நியோ நுவார்' என்பதற்குப் 'புதுக்கரவுப்படம்'. காதில் 'கறவை' போலக் கேட்கும் என்று தம்பி தயங்குகிறார். ஆனால் 'படம்' சேர்ந்து வரும்போது குழப்பம் வராது என்று நினைக்கிறேன். வேறு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் நம் பட்டியலில் சேர்த்துவிடலாம்.