பரணில் கிடந்த பச்சைப் பை

சனிக்கிழமை, காலை 9:12

வாணி: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் அறைப் பரணைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். பச்சை நிறத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. தூக்கவே முடியவில்லை. யாருடையது? வைப்பதா, போடுவதா?

வாணி: [படம்] [படம்]

ரகு சித்தப்பா: ஐயோ

ரகு சித்தப்பா: போடாதே!!!

கமலா அத்தை: அது இன்னுமா இருக்கிறது?

நிதின்: பாராசூட்டா? தாத்தாவுடையதா? 😮

மூர்த்தி சித்தப்பா: வாணி, அது உன் அப்பாவின் முதல் செட். படத்தில் பெரிதாக இருப்பது முதுகில் மாட்டும் மெயின். சின்ன மூட்டை, மெயின் கைவிட்டால் உதவ வயிற்றில் மாட்டும் ரிசர்வ். மெயின், ராணுவத்தில் கழித்துவிட்ட சி-9. விமானி ஆபத்தில் குதிப்பதற்காகச் செய்தது. 28 அடி விட்டம், 28 பட்டைத் துணி, 28 கயிறு. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் இந்த ராணுவக் கழிவுதான். ஆனால் அதை அப்படியே போட்டுக் குதித்தால் காற்று போகிற பக்கம்தான் நாமும் போக வேண்டும். அதனால் பின்பக்கத்துப் பட்டைகளில் கொஞ்சம் வெட்டி எடுத்துவிடுவோம். அந்த ஓட்டை வழியாகக் காற்று பின்னால் பீறிடும், குடை முன்னால் நகரும். வெட்டும் வடிவத்தை வைத்து டபுள்-எல், டி-யூ என்று பெயர். இது டி-யூ. நான்தான் வெட்டினேன்.

அம்மா: வெட்டித் தைத்தது என் மெஷினில்.

ரகு சித்தப்பா: ஆரம்பம் 😂

அம்மா: அன்றைக்கு உடைந்த ஊசித் தட்டை இன்று வரை யாரும் மாற்றித் தரவில்லை.

பிரேமா சித்தி: அக்கா, அந்த மெஷின் இப்போது யாரிடம் இருக்கிறது? எனக்குத் திரைச்சீலை தைக்க வேண்டும்.

அம்மா: கமலாவிடம்.

கமலா அத்தை: என்னிடம் இல்லை அண்ணி. நான் கொடுத்துவிட்டேன்.

அம்மா: யாரிடம்?

(கமலா அத்தை ஒரு செய்தியை நீக்கினார்)

நிதின்: ஒரு நிமிடம். அடுத்த சனிக்கிழமை எனக்கு முதல் ஜம்ப். பணம் கட்டிவிட்டேன். தாத்தாவின் பாராசூட்டிலேயே குதிக்கலாமா?

கமலா அத்தை: கூடாது

ரகு சித்தப்பா: கூடாது

மூர்த்தி சித்தப்பா: கூடவே கூடாது. காரணம் சொல்கிறேன்.

ரகு சித்தப்பா: அண்ணா, சுருக்கமாக

மூர்த்தி சித்தப்பா: நைலான் வெயிலில் செத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாது, கையால் இழுத்தால் காகிதம் மாதிரி கிழியும். சரி, இது பரணில் இருட்டில்தானே இருந்தது என்பாய். 1980களில் இன்னொரு கூத்து நடந்தது. சில வட்ட ரிசர்வ்களில் தைத்திருந்த வலைத்துணியில் அமிலம் இருந்தது தெரியவந்தது. அது பக்கத்தில் படிந்திருந்த நைலானை மடிப்புக்குள்ளேயே அரித்திருந்தது. வெளியில் பார்த்தால் புத்தம் புதிது. ஒரு பச்சைச் சொட்டு மருந்தைத் தொட்டு நிறம் மாறுகிறதா என்று சோதித்தார்கள். எத்தனையோ பேர் நம்பிக்கையோடு சுமந்துகொண்டு திரிந்தது வெறும் கந்தல். உன் தாத்தாவின் ரிசர்வ் அதற்கும் முந்தையது, அந்தத் தொல்லை இருக்காது. ஆனாலும் கடைசியாக மடித்த தேதியைப் பார். மேலேயே ஒரு சின்னப் பைக்குள் அட்டை இருக்கும்.

வாணி: அட்டை இருக்கிறது. 1978.

மூர்த்தி சித்தப்பா: அமெரிக்காவில் இப்போதும் ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மடித்தாக வேண்டும் என்பது விதி. நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நிதின்: இதில் சைப்ரஸ் உண்டா? நாம் இழுக்காவிட்டாலும் தானாகவே ரிசர்வைத் திறக்குமே, அந்தக் கருவி?

ரகு சித்தப்பா: 😂😂😂

கமலா அத்தை: எங்கள் சைப்ரஸ், ரிசர்வ் மேல் மாட்டிய உயரமானியும் ஒரு ஸ்டாப்வாட்சும். பார்த்தால் உயிர், பார்க்காவிட்டால் போச்சு.

மூர்த்தி சித்தப்பா: சைப்ரஸ் வந்தது 1991இல். ஜெர்மனியில் செய்தது. சுமார் 225 மீட்டர் உயரத்தில் நீ இன்னும் விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் அதுவே ரிசர்வ் மூடும் கயிற்றை வெட்டிவிடும். அதற்கு முன்னால் சென்டினல், ரஷ்யாவின் காப்-3 எல்லாம் இருந்தன. நாங்கள் நம்பவில்லை. வேண்டாத நேரத்தில் திறந்துவிடும் என்று ஒரு பயம்.

நிதின்: எனக்கு டேண்டம்தான். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டுவார்கள்.

ரகு சித்தப்பா: அட, பயணி!

கமலா அத்தை: ரகு, பையனைக் கிண்டல் செய்யாதே. நம் காலத்தில் டேண்டம் இருந்திருந்தால் நீ அதில்தான் போயிருப்பாய். அது 80களின் நடுவில்தான் வந்தது, அதனால் தப்பினாய்.

ரகு சித்தப்பா: நான் முதல் குதியே தனியாக. ஸ்டாடிக் லைன், அதாவது விமானத்தில் கட்டிய கயிறே குடையைத் திறந்துவிடும். செஸ்னா 182 என்ற சின்ன விமானம், கதவே இல்லை. சக்கரத்தின் மேல் காலை வைத்து, இறக்கையின் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். "போ" என்று தொடையில் ஓங்கி ஒரு அடி.

கமலா அத்தை: மூன்று அடி. நான்தான் அடித்தேன். நீ கையை விடவில்லை.

ரகு சித்தப்பா: இதெல்லாம் குழுவில் தேவையா

வாணி: அத்தை, நீங்கள் எத்தனை முறை குதித்தீர்கள்?

கமலா அத்தை: 412. உன் அப்பா 390. மற்ற இருவரையும் கேட்காதே.

மூர்த்தி சித்தப்பா: என் முழங்கால் காரணமாக நிறுத்தினேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கமலா அத்தை: தெரியும் தெரியும்.

மூர்த்தி சித்தப்பா: நிதின், வட்டக் குடையில் தரையைத் தொடுவது ஒன்றரை மீட்டர் சுவரிலிருந்து குதிப்பது போல. அதுவும் காற்று உன்னைப் பின்னோக்கித் தள்ளும்போது. அதற்காகத்தான் கனமான பூட்ஸ், அதற்காகத்தான் விழுந்து உருளும் பயிற்சி. லெஸ்லி இர்வின் 1919 ஏப்ரல் 28 அன்று விமானத்திலிருந்து குதித்துத் தன் கையாலேயே குடையைத் திறக்கும் ரிப்கார்டை இழுத்துக் காட்டினாரே, அவரே இறங்கும்போது கணுக்காலை உடைத்துக்கொண்டவர். நான் முழங்காலோடு தப்பினேன்.

பிரேமா சித்தி: முழங்காலுக்கு இப்போது ஒரு எண்ணெய் வந்திருக்கிறது. தனியாக அனுப்புகிறேன்.

வாணி: பைக்குள் மஞ்சள் காகிதம் ஒரு சுருள் இருக்கிறது. ஒரு முனையில் கம்பி.

கமலா அத்தை: ஸ்ட்ரீமர்! 🥹

கமலா அத்தை: எங்கே வெளியேறினால் களத்தில் இறங்கலாம் என்று பார்க்க அதைத்தான் முதலில் போடுவோம். குடை விரியும் உயரத்திலிருந்து விட்டால் வட்டக் குடையில் தொங்கும் ஆள் எவ்வளவு மெதுவாக இறங்குவானோ அதே வேகத்தில் இறங்கும். அது விழுந்த இடத்துக்கும் களத்துக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் எதிர்ப்பக்கம் போய் வெளியேற வேண்டும். ஜன்னலில் தலையை நீட்டி "ஐந்து இடது, ஐந்து இடது, கட்" என்று விமானியிடம் கத்துவேன். எஞ்சினைக் குறைப்பார். அப்புறம் வாயைத் திறக்க நேரமில்லை.

ரகு சித்தப்பா: வெளியேறும் இடத்தைக் கமலா பார்த்தால் களத்து நடுவில் வைத்த இலக்குத் தட்டின் மேலேயே இறங்கலாம். மூர்த்தி அண்ணன் பார்த்தால் மூன்று கிலோமீட்டர் நடை.

மூர்த்தி சித்தப்பா: ஒரே ஒரு தடவை. மேலே காற்று திசை மாறியது.

வாணி: இருங்கள். மஞ்சள் கிரேப் காகிதம். என் ஆறாவது பிறந்தநாளுக்கு வாங்கிய அலங்காரக் காகிதம் காணவில்லை என்று நான் அழுதேனே!

அம்மா: ஆமாம்

ரகு சித்தப்பா: மன்னித்துவிடு வாணி. பறந்துபோச்சு.

நிதின்: தோளில் இந்தப் பெரிய இரும்புக் கொக்கி என்ன?

மூர்த்தி சித்தப்பா: கேப்வெல். மெயின் சிக்கலாகிவிட்டால் அதைக் கழற்றிவிட. மூடியைக் கீழே தள்ளினால் உள்ளே ஒரு கம்பி வளையம். கட்டைவிரலை நுழைத்து இழுக்க வேண்டும். இரண்டு தோளிலும், ஒரே நேரத்தில். ஒரு பக்கம் மட்டும் கழன்றால் நிலைமை முன்பைவிட மோசம். 70களில் பில் பூத் மூன்று வளையத்தை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து ஒரு ஏற்பாடு செய்தார். ஒரே இழுப்பு, சின்னப் பிள்ளையின் பலம் போதும், இரண்டு பக்கமும் போய்விடும். நீ சனிக்கிழமை குதிக்கும்போது பயிற்சியாளரின் தோளைப் பார், அதே மூன்று வளையம்தான். எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டில் செய்த மிக அழகான பொருள் அது.

ரகு சித்தப்பா: நான் கேப்வெல்லை இழுத்தவன். 1974.

கமலா அத்தை: வேண்டாம் ரகு

பிரேமா சித்தி: வேண்டாம்

ரகு சித்தப்பா: பையனுக்குத் தெரியட்டும். அன்று என் பை ஈரம். பெரியண்ணன் இந்தப் பச்சைப் பையைக் கொடுத்தார். 7,200 அடியில் வெளியேறி 30 விநாடி விழுந்தேன். இழுத்தேன். மேலே பார்த்தால் குடைக்கு இரண்டு தலை. ஒரு கயிறு குடையின் மேலே போய் நடுவில் அழுத்துகிறது. மே வெஸ்ட் என்போம். கழற்றினேன். ரிசர்வை இழுத்தேன். இப்போது போல ஸ்பிரிங் வைத்த குட்டிக் குடை அதில் கிடையாது. பை திறந்ததும் துணியைக் கையால் அள்ளி வீச வேண்டும். வீசினேன். எவ்வளவு உயரத்தில் என்று கேட்காதே. மாட்டின் முகம் தெரிந்தது.

ரகு சித்தப்பா: பையை மடித்தவர் யார் என்று நான் இதுவரை கேட்டதில்லை 🙂

மூர்த்தி சித்தப்பா: ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாய். மே வெஸ்ட் மடிப்பால் மட்டும் வருவதல்ல. இழுக்கும்போது உடம்பு கோணலாக இருந்தாலும் வரும். கயிறுகளைப் பிரித்து வைப்பதில் நான் எவ்வளவு கவனம் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று காலையில் அந்தப் பையை நான் மடித்தேனா என்பதே எனக்கு உறுதியில்லை. அண்ணன் நீதான் மடித்தாய் என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா: அந்த ரிசர்வின் கைப்பிடி என்னிடம்தான். அடுப்படியில் கரித்துணி மாட்டும் கொக்கி.

நிதின்: பாட்டி 😭 அது வரலாறு

அம்மா: நல்ல உறுதி.

ரகு சித்தப்பா: கைப்பிடியைத் தொலைக்காமல் இறங்கியதற்குப் பாராட்ட வேண்டாமா யாராவது?

கமலா அத்தை: பெரியண்ணனின் பாரா-கமாண்டர் குடையை விற்றுத் தின்றவனுக்குப் பாராட்டு வேறு.

ரகு சித்தப்பா: தின்னவில்லை, சதுரக் குடை வாங்கினேன். அண்ணனுக்கும் தெரியும்.

கமலா அத்தை: விற்ற பிறகு தெரியும்.

மூர்த்தி சித்தப்பா: பாரா-கமாண்டர் 1964இல் வந்தது. லெமோய்ன் என்ற பிரெஞ்சுக்காரரின் வடிவம். ஓட்டை வெட்டிய சி-9 மாட்டுவண்டி என்றால் அது கார். சதுரக் குடை முற்றிலும் வேறு. டொமினா ஜல்பெர்ட் என்ற பட்டம் செய்பவரின் மூளையில் 60களில் வந்தது. குடையே இல்லை, அது துணியில் தைத்த இறக்கை. ஆரம்பத்தில் விரியும்போது கழுத்து முறிகிற மாதிரி ஒரு உதை. பிறகு விரிவதை மெதுவாக்கும் ஸ்லைடர் வந்துதான்

மூர்த்தி சித்தப்பா: [குரல் பதிவு 4:51]

ரகு சித்தப்பா: யாராவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

காலை 11:40

வாணி: பையின் அடியில் அப்பாவின் லாக்புக். 1968இலிருந்து. ஒவ்வொரு வரியிலும் தேதி, விமானம், உயரம், விநாடி, ஒரு கையெழுத்து.

கமலா அத்தை: 1974 பார்

பிரேமா சித்தி: எதற்கு இப்போது?

வாணி: இருங்கள்

வாணி: [படம்]

வாணி: ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறது. "ரகு, என் பை. மடித்தது நான். மூர்த்தியிடம் சொல்ல வேண்டும்."

(காலை 11:43)

கமலா அத்தை: கடவுளே

ரகு சித்தப்பா: ...

நிதின்: சின்னத் தாத்தா?

(காலை 11:58)

மூர்த்தி சித்தப்பா: அந்தப் பக்கத்தை மறுபடி படம் எடுத்து அனுப்பு வாணி. மங்கலாக இருக்கிறது.

வாணி: [படம்]

மூர்த்தி சித்தப்பா: சரி.

ரகு சித்தப்பா: அண்ணா, கூப்பிடுகிறேன், எடுங்கள்

பிரேமா சித்தி: போனை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். பிறகு பேசு ரகு.

மதியம் 1:20

வாணி: சரி, பையை என்ன செய்வது? பழைய சாமான்காரர் நான்கு மணிக்கு வருகிறார்.

கமலா அத்தை: என்னிடம் கொடு

ரகு சித்தப்பா: எனக்கு. நான் உயிர் பிழைத்த பை அது

நிதின்: குடையை மட்டும் என் அறைக் கூரையில் கட்டிக்கொள்கிறேன். பிளீஸ்.

கமலா அத்தை: 28 அடி விட்டமடா. உன் அறை எத்தனை அடி?

மூர்த்தி சித்தப்பா: யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள். புல்தரையில் நீளமாக விரித்து, கயிறு பிரித்து, ஒருமுறை முறையாக மடித்துக் காட்டுகிறேன். நிதின் பார்க்கட்டும். அப்புறம் முடிவு செய்யலாம்.

ரகு சித்தப்பா: நான் கால் பக்கம் இழுத்துப் பிடிக்கிறேன் அண்ணா

மூர்த்தி சித்தப்பா: நீ இறுக்கமாகப் பிடிக்கமாட்டாய். கமலா பிடிக்கட்டும்.

கமலா அத்தை: இந்த ஞாயிறு எனக்குக் கண் பரிசோதனை. அடுத்த ஞாயிறு?

நிதின்: சனிக்கிழமை எனக்கு ஜம்ப். அதற்கு முன்னால் வேண்டும்.

பிரேமா சித்தி: வெள்ளி மாலை?

ரகு சித்தப்பா: வெள்ளி பார்க்கலாம்

வாணி: அப்போது சாமான்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடவா? யாராவது பதில் சொல்லுங்கள்.

அம்மா: வாணி, பை அடியில் நன்றாகக் கையை விட்டுப் பார். என் மெஷினின் ஊசித் தட்டு அதில் இருக்கிறதா?