மறு: மறு: 'ரக்டு டேப்லெட்' தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், தூத்துக்குடி:

குழுவினருக்கு வணக்கம். இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றுக்காகக் கருவி வாங்கும் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். குளிர்கிடங்கில் சரக்கு எண்ணுபவர்களும் மேற்பார்வையாளர்களும் படிக்கப் போவது. கடையில் எல்லோரும் வாங்கும் 'கன்ஸ்யூமர்' டேப்லெட் போதுமா, கடினமான சூழலுக்கென்றே செய்யப்படும் 'ரக்டு' (rugged) வகைதான் வேண்டுமா என்பதுதான் முழுக் கையேடும். இரண்டு சொல்லும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இயந்திர மொழிபெயர்ப்பு 'கரடுமுரடான மாத்திரை' என்று தருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

தம்பி, கரடுமுரடு என்பது பாதையையும் பாறையையும் சொல்வது. உங்களுக்கு வேண்டியது வலிமை. 'வய வலியாகும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். வயமா என்றால் வலிய விலங்கு. 'வயக்கணினி' என்று வைக்கலாம். பிடிக்காவிட்டால் 'உரனென்னும் தோட்டியான்' என்ற குறளிலிருந்து உரன் எடுத்து 'உரக்கணினி' என்றும் ஆளலாம்.

மென்பொருள் பணி, கோவை:

ஐயா, உரக்கணினி என்றால் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா மூட்டைக்குப் பில் போடும் கணினி என்று நினைப்பார்கள். வயக்கணினியைப் பார்த்தால் பிழைதிருத்துபவர் ஒரு 'ல்' சேர்த்து வயல்கணினி ஆக்கிவிடுவார். இரண்டும் வேளாண்துறைக்குத்தான் போகும். 'வன்' எளிது, வன்பொருளில் ஏற்கெனவே பழகியது. டேப்லெட்டுக்குத் 'தட்டு' வைத்தால் 'வன்தட்டு'.

கல்லூரி ஆசிரியை, திருச்சி:

வன்தட்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விட்டதே! என் மாணவர்கள் அதைத் தேர்விலேயே எழுதுகிறார்கள். கைக்கணினி என்றே இருக்கட்டும்.

வாசகர், யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கம் மாத்திரைக்குக் குளிசை என்போம். ஆகவே 'முரட்டுக் குளிசை' என்று ஒரு மொழிபெயர்ப்பையும் பதிவு செய்து வைக்கிறேன். பகிடியை விட்டுவிட்டால், கன்ஸ்யூமருக்கு 'நுகர்வோர்' வேண்டாம். நுகர்வோர் நீதிமன்றம் மாதிரி, நுகர்வோருக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கணினியோ என்று தோன்றும். 'பொதுப் பாவனைக் கைக்கணினி' என்றால் என்ன குறை?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

நுகர்தல் முதலில் முகர்தல்தான், பிறகே துய்த்தல் என்று எனக்கு ஓர் எண்ணம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இப்போது முக்கியமானது 'நோன்'. 'உறுநர்த் தாங்கிய மதனுடை நோன்றாள்' என்று திருமுருகாற்றுப்படை தொடக்கத்திலேயே வருகிறது. நோன் என்றால் வெறும் வலிமை இல்லை, பொறுக்கும் வலிமை. 'உற்றநோய் நோன்றல்' என்று தவத்துக்கு இலக்கணம் சொன்னாரே வள்ளுவர், அந்த நோன்றல். வன்மை அடிக்கும், நோன்மை அடி வாங்கிக்கொண்டு நிற்கும். இந்தக் கருவி செய்வது இரண்டாவதைத்தானே? 'நோன்கணினி' என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

மென்பொருள் பணி, கோவை:

பொருத்தம்தான் ஐயா. ஆனால் படிப்பவருக்கு நோன்பு ஞாபகம் வரும். சார்ஜ் இல்லாமல் பட்டினி கிடக்கும் கணினி.

கிடங்கு மேற்பார்வை, எண்ணூர்:

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி. கருவிகளைத் தினமும் கையாள்பவன் என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் 'சாதா டேப்', 'ஹெவி டியூட்டி டேப்' என்றுதான் சொல்கிறார்கள். அது கிடக்கட்டும். ரக்டு என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் ஒன்றும் நிச்சயமில்லை. மில்-எஸ்டிடி-810 என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. யாரும் முத்திரை குத்திக் கொடுக்கும் சான்றிதழ் இல்லை. எந்தெந்தச் சோதனையைச் செய்தோம் என்று தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துச் சொல்லலாம். அதில் பிரபலமான வீழ்ச்சிச் சோதனை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை. அந்த 26-ஐ ஐந்து கருவிகளுக்குப் பங்கு போட்டுக்கொள்ளவும் இடம் உண்டு. ஒரே கருவி 26 முறை விழுந்து எழுந்தது என்று நம்பி வாங்காதீர்கள்.

தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி எண்ணும் அப்படித்தான். ஐபி 67-இல் 6 தூசிக்கு, 7 தண்ணீருக்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அதுவும் நன்னீரில். இறால் ஆலையில் உப்புத் தண்ணீர், கழுவும் குழாயின் வேகம், குளோரின் எல்லாம் உண்டு. அதற்கு அந்த எண் எதுவும் பேசாது.

குளிர்தான் பெரிய வில்லன். ஐபேட் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளரே சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. மைனஸ் 18-இல் இருக்கும் அறைக்கு அது ஆகாது. சித்திரை வெயிலில் லாரி பக்கத்தில் நின்றாலும் ஆகாது. உள்ளேயிருந்து வெளியே வந்ததும் திரையில் வியர்க்கும், அந்த ஈரம் சார்ஜ் துளைக்குள் போகும். பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் பேட்டரியே கெடும். கையுறை போட்ட விரலை சாதா திரை கண்டுகொள்ளாது, ஆட்கள் மூக்கால் தொடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக எல்லோருக்கும் ரக்டு வாங்கச் சொல்லவில்லை. கனம் கூடுதல், விலையும் கூடுதல். அலுவலக மேசையில் பில் பார்ப்பவருக்கு நல்ல உறை போட்ட சாதா டேப்லெட் தாராளம். ஒரே சிக்கல், சாதா மாடல் சீக்கிரம் சந்தையை விட்டுப் போய்விடும்; அடுத்த வருடம் அதே உறை, அதே தாங்கி பொருந்தாது. ரக்டு வகையில் ஒரே மாடலைப் பல வருடம் விற்பார்கள், பேட்டரியையும் நாமே கழற்றி மாற்றக்கூடியவை நிறைய உண்டு.

கல்லூரி ஆசிரியை, திருச்சி:

இதுவரை வந்ததிலேயே உருப்படியான மடல். இதிலேயே சொல்லும் இருக்கிறது. ஐயா காட்டிய வரியில் 'நோன்' பக்கத்திலேயே 'தாங்கிய' இருக்கிறதே! 'தாங்குகணினி' என்று வையுங்கள். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, எல்லோருக்கும் புரியும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

அம்மா, அந்த வரியில் தாங்குவது தன்னை அடைந்தவர்களை. 'தாங்கு' செயப்படுபொருள் குன்றா வினை; எதை என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. மேலும் அது டேப்லெட்டா மடிக்கணினியா என்பது தெரியாது. 'தாங்கு கைக்கணினி' என்றாலோ தாங்குவது கையா, கணினியா?

கிடங்கு மேற்பார்வை, எண்ணூர்:

ஐயா கேட்ட 'எதை' என்பதைத்தான் விற்பனையாளரிடம் நானும் கேட்கிறேன். அந்தக் கேள்வி எழும்படி ஒரு சொல் இருந்தால் நல்லதுதானே? ஒவ்வொரு இடத்திலும் 'வீழ்ச்சி தாங்கும்', 'ஈரம் தாங்கும்', 'குளிர் தாங்கும்' என்று போட்டுவிட்டால் வாங்குகிறவருக்கு உதவும். ஒரு கருவி மூன்றையும் தாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வாசகர், யாழ்ப்பாணம்:

எனக்குச் சம்மதம். ஆனால் 'சாதா' அச்சில் ஏறக்கூடாது. தோசைக் கடைப் பலகை மாதிரி இருக்கிறது.

மென்பொருள் பணி, கோவை:

தோசை எல்லோருக்கும் புரிகிறதே, அது போதாதா?

மொழிபெயர்ப்பாளர், தூத்துக்குடி:

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் 'தாங்குகணினி', உள்ளே எண்ணூர் நண்பர் சொன்னபடி எதைத் தாங்கும் என்ற சொல்லோடு. டேப்லெட்டை டேப்லெட் என்றே விட்டுவிட்டேன். கன்ஸ்யூமருக்கு 'பொதுப் பயன்பாட்டு டேப்லெட்'. ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று. ஆலை மேலாளர் மட்டும் அட்டையில் 'ஹெவி டியூட்டி' வேண்டும் என்கிறார், கொடுத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

அந்த எதிர்ப்பு நான்தான், பதிவில் இருக்கட்டும். 'நோன்' பற்றி ஆறு பக்கக் குறிப்பு தயாராகிறது. நீங்கள் அனுப்பிய மெய்ப்பில் மூன்றாம் பக்கம் 'தாங்குக்கணினி' என்று இருக்கிறது. வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது. அச்சுக்குப் போகும் முன் அந்த 'க்'கை எடுத்துவிடுங்கள்.